இரணைமடு பார்க்கப் போகிறீர்களா? குளக்கட்டில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், மீண்டும் பஸ்ஸில் ஏறிக் கச்சான் கோதுகளைத் தட்டி முடிப்பதற்குள் இரணைமடுச் சந்தி கடந்துபோயிருக்கும். வீதியிலிருந்து பார்த்தால் குளம் தெரியாது. சந்தியில் கிழக்கே திரும்பிச் சில கிலோமீற்றர் உள்ளே போகவேண்டும். கொள்ளளவில் இலங்கையின் வடக்கில் மிகப் பெரிய குளமான இரணைமடு அங்கேதான் இருக்கிறது, நூறு வருசத்துக்கு மேலாக.

முதல்முறை வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பிலிருந்து வருகிறவர்களும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும், யாழ்ப்பாணத்தில் பிறந்தும் இன்னும் வந்து பார்க்காதவர்களும் (நிறையப் பேர் இருக்கிறீர்கள்) இதில் அடக்கம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குளக்கட்டில் ஏறி நின்று, காற்று வாங்கி, படம் எடுத்து, அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடுகிறார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் அப்படிப் பார்த்தால் நீங்கள் பார்த்தது தண்ணீரை மட்டும்தான். இரணைமடு என்பது கட்டு, துருசு (தண்ணீரை வெளியே விடும் வாசல்), வாய்க்கால், வயல், வான் (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்), ஆறு எல்லாம் சேர்ந்த ஒன்று. அரை நாள் ஒதுக்கினால் அந்த முழுவதையும் பார்த்துவிடலாம்.

எப்போது வருவது

இதை முதலில் தீர்மானியுங்கள், ஏனென்றால் எந்த மாதம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பார்ப்பது முற்றிலும் வேறாக இருக்கும்.

மாரி மழை ஒக்டோபரில் தொடங்கும், டிசெம்பர், ஜனவரியில் குளம் நிரம்பும். வான்கதவு திறந்து தண்ணீர் பாய்வதைப் பார்க்க ஊரே திரண்டு வருவது அப்போதுதான். பெப்ரவரி, மார்ச்சில் குளம் இன்னும் நிறைந்திருக்கும், வெய்யில் அவ்வளவு சுடாது, காலபோக (மாரி நெல்) வயல்களில் அறுவடை நடக்கும், வலசை வந்த பறவைகளும் திரும்பிப் போயிருக்காது. குடும்பமாக வருகிறவர்களுக்கு நல்ல காலம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இந்தக் குளம் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் மே, ஜூன் மாதத்தில் வாருங்கள். வெய்யில் கொளுத்தும், சொல்லிவிட்டேன். அப்போது மழையே இருக்காது, சுற்றியிருக்கும் காடு காய்ந்து கிடக்கும், அந்தக் காய்ச்சலுக்கு நடுவில் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், வாய்க்காலுக்கு அங்கால் சிறுபோக (கோடை நெல்) வயல் பச்சையாக நிற்கும். குளம் என்றால் என்ன என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். செப்டெம்பரில் வந்தால் குளத்தின் பெரும்பகுதி வற்றி, மாடுகள் குளத்துக்குள்ளேயே மேயும். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் முதல்முறைக்கு வேண்டாம்.

எந்த மாதமானாலும் காலை ஏழு மணிக்கு முன்னர் அல்லது மாலை நான்குக்குப் பிறகு கட்டில் நில்லுங்கள். நடுப்பகலில் அங்கே நிழல் என்பது கிடையாது.

வந்து சேர்வது

யாழ்ப்பாணம் வவுனியா பஸ் எல்லாம் இரணைமடுச் சந்தியால்தான் போகும். நடத்துநரிடம் சந்தியைச் சொல்லி வைத்தால் இறக்கிவிடுவார். ரயிலில் வருவதென்றால் கிளிநொச்சி நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். ஓட்டோக்காரரிடம் குளத்துக்குப் போக என்று மட்டும் சொல்லாதீர்கள். குளம், பிறகு வாய்க்கால் கரையால் வட்டக்கச்சிப் பக்கம், திரும்பக் கிளிநொச்சி ரவுண் (நகரம்) என்று முழுவதையும் பேசி, காத்து நிற்கும் கூலியையும் சேர்த்து முதலே முடிவு செய்யுங்கள். குளத்தடியில் இருந்து திரும்பும்போது வேறு ஓட்டோ தேடிப் பிடிப்பது கஷ்டம். மோட்டார் சைக்கிள் இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது, வாய்க்கால் கரைப் பாதைகளில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கட்டில் என்ன பார்க்கவேண்டும்

கட்டில் ஏறியதும் எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் மறுபக்கம் பாருங்கள். குளத்துத் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது, வெளியே நிலம் எந்தத் தாழ்வில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். திட்டத்தின் பெரும்பகுதி அந்த உயர வித்தியாசத்தில்தான் நிற்கிறது. அங்கெல்லாம் பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, துருசைத் திறந்தால் தண்ணீர் தானாகவே வயல்வரைக்கும் போகும்.

இங்கே தடுத்து வைத்திருப்பது கனகராயன் ஆற்றை. வவுனியா மாவட்டத்தின் வடக்கில் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தால் வடக்கு நோக்கி ஓடி வரும் ஆறு. ஏ9இல் கனகராயன்குளம் என்ற ஊரைக் கடந்து வந்திருப்பீர்கள், அதே பெயர்தான். அந்த ஆற்றில் இரண்டு மடுக்கள் இருந்த இடத்தில்தான் கட்டுப் போட்டார்கள். இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக உருவானது 1900இல். அடுத்த இரண்டு வருசத்தில், 1902இல், இங்கே வேலை தொடங்கியது. முடிந்தது 1920இல். நடுவில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, முதலாம் உலகப் போர் வந்து போய்விட்டது.

பதினெட்டு வருசம் ஏன் இழுத்தது என்று கேட்கிறவர்கள் அன்றைய வன்னியை நினைத்துப் பார்க்கவேண்டும். காடும் மலேரியாவும்தான். புல்டோசர் இல்லாத காலம், இவ்வளவு மண்ணும் ஆட்களாலும் மாடுகளாலும் வந்து சேர்ந்தது. “வெள்ளைக்காரன் கட்டின குளம்” என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். திட்டமும் காசும் கணக்கும் அவர்களுடையவை, சரி. வெட்டியதும் சுமந்ததும் காய்ச்சலில் கிடந்ததும் நம்முடைய ஆட்கள், அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அரிசியை வெளியிலிருந்து கப்பலில் இறக்கிக்கொண்டிருந்த ஓர் அரசாங்கத்துக்கு நெல் தேவைப்பட்டது, நீர்வரியும் தேவைப்பட்டது. தர்மத்துக்காக யாரும் குளம் கட்டவில்லை. ஆனாலும் கட்டியதை உருப்படியாகக் கட்டினார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இப்போது நீங்கள் நிற்கும் கட்டு 1920இல் இருந்த கட்டு அல்ல. 1950களிலும் 1970களிலும் அதை உயர்த்தினார்கள். தொடக்கத்தில் 40,000 ஏக்கர் அடி கொண்ட குளம் அப்படித்தான் 106,500 ஏக்கர் அடிக்கு வந்தது. போருக்குப் பிறகு மீண்டும் பெரிய திருத்தம் நடந்தது, முன்னர் 34 அடியாக இருந்த முழுக் கொள்ளளவு மட்டம் 36 அடியானது, 2018 டிசெம்பர் 7ஆம் திகதி திறந்து வைத்தார்கள். இன்றைக்குக் கொள்ளளவு கிட்டத்தட்ட 120,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி, லீற்றரில் சொன்னால் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேல். சும்மா இரண்டு அடிதானே உயர்த்தினார்கள் என்று நினைக்காதீர்கள். குளம் மேலே போகப் போக விரியும், அதனால் கடைசி இரண்டு அடியில்தான் நிறையத் தண்ணீர் இருக்கிறது.

மட்டம் காட்டும் அளவுகோலைத் தேடிப் பாருங்கள், அடிக்கணக்கு எழுதியிருக்கும். கிளிநொச்சியில் மாரிகாலத்தில் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் “முப்பத்திரண்டாம், முப்பத்திமூன்றாம்” என்று கதைத்தால் அது இந்தக் கணக்குத்தான். பிறகு அலைகரையில் அடுக்கியிருக்கும் கற்களைப் பாருங்கள். கச்சான் காற்றும் (தென்மேற்குக் காற்று) வாடைக் காற்றும் இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் எழுப்பும் அலை மண்ணை அரித்துத் தின்றுவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை அவை. கல்லிடுக்கில் முளைக்கும் செடியை ஏன் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், வேர் கட்டுக்குள் போய்க் காய்ந்தால் அந்த வழியால் தண்ணீர் கசியத் தொடங்கும். குளக்கட்டைப் பழுதாக்கக் குண்டு தேவையில்லை, நாலைந்து வருசம் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டாலே போதும்.

பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோயில். போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, அரைக்காற்சட்டை இல்லாமல் போங்கள், அவ்வளவுதான். கோயில் வாசலில் நின்று குளத்தைப் பார்ப்பது கட்டில் நின்று பார்ப்பதைவிட எனக்குப் பிடிக்கும்.

மண்ணில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு விசயம். இலங்கையின் பழைய செம்மண், சரளைப் படிவுகளுக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் இரணைமடுப் படிவம். தெற்கே புந்தலப் பக்கத்தில் அதே வகைப் படிவுக்குள் கற்காலக் கருவிகள் கிடைத்தன, அங்கேயும் இந்தக் குளத்தின் பெயர்தான்.

துருசிலிருந்து இறங்குங்கள்

இனித்தான் முக்கியமான பகுதி. குளக்கட்டின் அடியால் தண்ணீரை வெளியே விடும் வாசலைத் துருசு என்பார்கள். இரண்டு பக்கமும் வாய்க்கால் புறப்படுகிறது. இடதுகரை வாய்க்கால் மேற்கே உருத்திரபுரம் பக்கம் போகிறது, வலதுகரை வாய்க்கால் கிழக்கே வட்டக்கச்சி, முரசுமோட்டை பக்கம் போகிறது. சிறுபோக நேரத்தில் துருசடியில் நின்றால், குளத்துக்குள் அசையாமல் கிடந்த தண்ணீர் கட்டுக்கு இந்தப் பக்கம் நுரை தள்ளிக்கொண்டு, மண்நிறத்தில், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத இரைச்சலோடு வெளியே வரும். கொஞ்சத் தூரம் போனதும் அடங்கி, ஆள் நடக்கும் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தைத்தான் கணக்குப் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். கூடினால் வாய்க்கால் கரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும்.

ஏதாவது ஒரு கரையைத் தெரிந்தெடுத்து வாய்க்காலோடு கூடவே போங்கள். நான் சொல்வது வலதுகரை. வட்டக்கச்சிப் பக்கம் மரநிழல் உண்டு, வீடுகளும் வயல்களும் மாறி மாறி வரும். போகும் வழியில் மூன்று விசயங்களைக் கவனியுங்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே கதவோ பலகையோ போட்டுத் தண்ணீரை உயர்த்தியிருக்கும் இடங்கள். அங்கிருந்துதான் கிளை வாய்க்கால் பிரியும். அடுத்தது, கிளை வாய்க்காலிலிருந்து வயலுக்குள் இறங்கும் மடை. ஒருவர் மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டி வரம்பைத் திறப்பார், தண்ணீர் உள்ளே போகும், போதுமென்றதும் அதே மண்ணைத் தூக்கி வைத்து மிதித்து அடைப்பார். 120,000 ஏக்கர் அடிக் குளத்தின் கடைசிக் கதவு அந்த ஒரு மண்வெட்டி மண்தான். மூன்றாவது, வீட்டுக் கிணறுகள். வாய்க்கால் ஓடும் காலத்தில் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் மேலே நிற்கும், வாய்க்கால் பூட்டினால் இறங்கும். நீர்ப்பாசனக் கணக்கில் “கசிவு, இழப்பு” என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி இப்படி யாரோ ஒருவருடைய கிணற்றில் குடிதண்ணீராக வருகிறது, தென்னைக்கும் வாழைக்கும் போகிறது.

வயலில் நிற்பவரோடு கதையுங்கள். “ஐயா, இந்தமுறை எத்தினை ஏக்கருக்குத் தண்ணி?” என்று கேட்டால் போதும், பிறகு நீங்கள் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கும் மேல் வயல் இருக்கிறது. காலபோகத்துக்கு மழையும் சேர்ந்து கைகொடுப்பதால் முழுவதையும் விதைக்கலாம். சிறுபோகத்தில் குளத்தை மட்டும் நம்பவேண்டும், ஏக்கருக்கு நாலைந்து அடித் தண்ணீர் தேவைப்படும், வெய்யில் குடிப்பது வேறு. அதனால் ஒவ்வொரு வருசமும் விதைப்புக்கு முன் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடியிருந்து, குளத்தில் எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதியில் துருசு திறப்பது, எந்தத் திகதியில் பூட்டுவது என்றெல்லாம் முடிவெடுப்பார்கள். சண்டை வராத கூட்டம் கிடையாது. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவருக்கும் கடைக்கோடியில் உள்ளவருக்கும் தண்ணீர் ஒரே மாதிரி வந்து சேராது என்பது குளம் கட்டிய நாளிலிருந்து உள்ள பிரச்சினை. ஆனால் அந்தக் கூட்டமும் இந்த நீர்ப்பாசனத்தின் ஒரு பாகம்தான், துருசு எவ்வளவு அவசியமோ அதுவும் அவ்வளவு அவசியம்.

இந்த ஊர்களே குளத்தால் வந்தவை. யாழ்ப்பாணத்தில் நிலம் போதாமல், வேலை இல்லாமல் இருந்தவர்களைக் குடியேற்ற 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கினார்கள். இன்றைக்கு ரவுண், கச்சேரி (மாவட்டச் செயலகம்), அறிவியல்நகரில் பல்கலைக்கழக வளாகம் என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். போரில் வீடு, பள்ளிக்கூடம், றோட்டு எல்லாம் போய், ஊரே வெளிக்கிட்டு, பிறகு தறப்பாளின் கீழ் வந்து இருந்தபோது, காணியைத் துப்புரவாக்கி ஒரு போகம் விதைத்து எழும்ப முடிந்தது என்றால் குளம் அங்கே இருந்ததால்தான். வெள்ளைக்காரனின் பழைய கட்டடங்களைப் பார்ப்பதுபோல இதைப் பார்க்க முடியாது. இன்றைக்கும் இதில்தான் சோறு.

குடிதண்ணீர்ப் பேச்சு

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. போருக்குப் பிறகு இரணைமடுவை உயர்த்தி, அதிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். குடாநாட்டில் ஆறு இல்லை, கிணற்று நீர் உவர்ந்துகொண்டு வருகிறது, அவர்களுடைய தேவை பொய்யில்லை. இங்கே கமக்காரர், சிறுபோகத்துக்கே போதாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று எதிர்த்தார்கள், அதுவும் பொய்யில்லை. கடைசியில் குடாநாட்டின் கிழக்குக் கரையில் உள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள். என் கட்சி கமக்காரர் பக்கம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையை நீங்களாகத் தொடங்க வேண்டாம், தொடங்கினால் அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

வான் பக்கம்

திரும்பும்போது வான்கதவுகளைப் பாருங்கள், பத்துக்கு மேல் இருக்கின்றன. மூடியிருக்கும்போது பெரிய இரும்புத் தகடுகள், அவ்வளவுதான். திறந்தால் கதை வேறு. புதுக்கட்டைத் திறந்து இரண்டு கிழமைதான், 2018 டிசெம்பர் 21, 22இல் பெருமழை கொட்டிக் கதவுகளைத் திறக்க, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் ஏறி ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு எழும்பினார்கள். எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. முன்கூட்டித் திறந்து மழை வராவிட்டால் சிறுபோகம் போகும், பிந்தித் திறந்தால் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் உள்ள கண்டாவளைப் பகுதி வெள்ளத்தில் தாழும். கதவுக்குப் பொறுப்பானவருடைய இடத்தில் இருந்து யோசித்தால் இலேசான வேலை இல்லை.

வானால் பாயும் தண்ணீர் பழைய ஆற்றோடு சேர்ந்து ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் களப்பில் போய் விழுகிறது. அதைக் கடலுக்கு விடாமல் ஆனையிறவுக் களப்பில் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் குடாநாட்டுக் களப்புகளுக்குத் திருப்பலாம் என்று 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் திட்டம் கொடுத்தார். வேலை தொடங்கி முழுமையாகவில்லை. பின்னேரம் நேரம் மிஞ்சியவர்கள் பரந்தன், ஆனையிறவு வரைக்கும் போய் அந்த உப்பு வெளியைப் பார்த்தால் அவர் என்ன நினைத்தார் என்று விளங்கும். பறவை பார்க்கிறவர்களுக்குச் சுண்டிக்குளம் தனியாக ஒரு நாள் வேலை. 1938இலேயே பறவைகள் சரணாலயம் ஆக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவான இடம் அது.

சில எச்சரிக்கைகள்

துருசு வாயிலும் வானுக்குக் கீழேயும் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் பாய்கிறார்கள் என்று நீங்களும் பாயவேண்டாம், எந்த இடத்தில் கல் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். குளத்தில் முதலையும் உண்டு. குளிக்க ஆசையென்றால் வாய்க்காலில், ஊர்ச் சனம் குளிக்கும் இடத்தில், அவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

குளத்துக்குப் பக்கத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ட்ரோன் கொண்டு வராதீர்கள், படைமுகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். கட்டில் வாகனம் விடலாமா என்பது நிலைமையைப் பொறுத்தது, தடை போட்டிருந்தால் வாக்குவாதம் வேண்டாம், இறங்கி நடவுங்கள். கட்டின் சரிவில் கல்லைப் புரட்டுவதும் பியர்ப் போத்தலை உடைப்பதும் வேண்டவே வேண்டாம், அந்தக் கண்ணாடி கடைசியில் யாரோ ஒருவர் வயலில் வெறுங்காலோடு இறங்கும்போதுதான் தெரியவரும்.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, கொஞ்சம் சில்லறைக் காசு கொண்டு வாருங்கள். சாப்பாட்டுக்குக் கிளிநொச்சி ரவுணுக்குப் போவதுதான் புத்தி, மத்தியானத்தில் குளத்து மீன் குழம்போடு சோறு கிடைக்கும் கடைகள் இருக்கின்றன, ஓட்டோக்காரரைக் கேட்டால் கொண்டுபோய் விடுவார். மாரியில் வருவதென்றால் புறப்படும் நாள் காலையில் கிளிநொச்சியில் உள்ள யாரையாவது தொலைபேசியில் பிடித்து வான்கதவு திறந்திருக்கிறதா, கீழ்ப்பக்க றோட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். திறந்திருந்தால் கட்டுப் பக்கம் மட்டும் போய்ப் பாருங்கள், வாய்க்கால் பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.